பின் இருக்கையின் இடது பக்கம்

எனக்குக் கேட்காத ஒரு சத்தத்தை, அப்படி ஒரு சத்தமே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சத்தத்தைச் சரியாகக் கேட்ட ஒரு பெண்ணுக்கு என் கையெழுத்தால் வேலை போனது. எனக்குக் காது மந்தம் என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

திருப்பதியில் நான் வேலை பார்த்த கார் சோதனை நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், பெரிய சொகுசு கார்களை அந்தக் காலத்தில் எப்படி மதிப்பிட்டீர்கள் என்று எழுதித் தரச் சொல்லிக் கொஞ்ச நாளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அவர்கள் காருக்குள் எட்டு மைக் தொங்கவிட்டு, கணினித் திரையில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துச் சத்தத்தை அளக்கிறார்கள். மின்சாரக் காரில் என்ஜின் சத்தம் இல்லாததால், அதன் அடியில் ஒளிந்திருந்த சின்னச் சத்தங்களெல்லாம் வெளியே வந்துவிட்டனவாம். "மைக் இல்லாம வெறும் காதாலயே எப்படி சார் மார்க் போட்டீங்க?" என்று கேட்கிறார்கள். அதைச் சொல்வதென்றால் இதையும் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றதையெல்லாம் சந்தோஷமாகவே எழுதப்போகிறேன். அவ்வளவு சந்தோஷமான வேலை அது.

நான் பிறந்தது நகரியில். எங்கள் வீட்டு முன்கட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடின. படித்தது, தூங்கியது, காய்ச்சலில் கிடந்தது எல்லாம் அந்த இரைச்சலில்தான். தறிக்கொட்டகையில் யாரும் கத்திப் பேச மாட்டார்கள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். நைனா, என் அப்பா, அந்தக் கோடியிலிருந்து "துன்னுட்டியா?" என்று உதட்டை அசைத்தால், இந்தக் கோடியிலிருந்து நான் தலையாட்டுவேன். பிறகு திருப்பதியில் பொறியியல் படிப்பு, சென்னையில் சில வருடங்கள் பணிமனை வேலை, அப்புறம் இந்த நிறுவனம். கார் கம்பெனிகள் தங்கள் வண்டிகளை விற்பனைக்கு விடுவதற்கு முன்னால் எங்களிடம் அனுப்புவார்கள். வேகம், சொகுசு, வளைவில் வண்டி நடந்துகொள்ளும் விதம் எல்லாவற்றையும் நாங்கள் ஓட்டியும் உட்கார்ந்தும் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு அறிக்கை கொடுப்போம்.

எங்கள் தலைவர் சஞ்சீவ ராவ் சார். மெல்லிய குரல், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். காருக்குள் யாரும் பேசக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஒருவர் வாயைத் திறந்து "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டால் அடுத்தவருடைய மதிப்பெண் கெட்டுவிடும் என்பார். "முந்து ராயண்டி, பேசறது அப்புறம்" என்று தினமும் ஒரு முறையாவது சொல்வார். முதலில் எழுது என்று அர்த்தம். எழுதி, தாளை மடித்து அவரிடம் கொடுக்க வேண்டும். வண்டி நின்ற பிறகு அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பார்.

ஏறுவதற்கு முன்னால் சட்டைப் பையைக் காலி செய்ய வேண்டும். சில்லறை, சாவிக்கொத்து, பேனா மூடி எதுவும் உள்ளே வரக் கூடாது. டயர் காற்று அதிகாலையில், டயர் சூடாவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். காலி இருக்கையில் ஓர் ஆள் எடைக்கு மணல் மூட்டை. ஒரு முறை திருமலைக்குப் போய்வந்த ஓட்டுநர் முனிரத்தினம் லட்டு கொண்டுவந்தார். சார் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வெளியில நின்னு சாப்பிடுங்க. நெய் வாசன உள்ள வந்தா தோல் வாசனைக்கு மார்க் போட முடியாது" என்றார். நாங்கள் கார் நிழலில் நின்றுகொண்டு, கையைக் கழுவி, ஐந்து நிமிடம் காற்றாட நடந்துவிட்டு ஏறினோம்.

சொகுசை அளக்க அவர் வைத்திருந்த முறையை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. ஏர்பேட்டைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போகும் குண்டும் குழியுமான சாலை ஒன்று எங்களுக்கு உண்டு. அந்தச் சாலையில் வண்டி நாற்பதில் போகும்போது பின் இருக்கையில் இருப்பவர் ஐந்து முறை தன் கையெழுத்தைப் போட வேண்டும். பிறகு அதை, நின்ற வண்டியில் போட்ட கையெழுத்தோடு ஒப்பிடுவார். "இது பேங்க்ல செல்லுமா?" என்று எங்களையே கேட்பார். செல்லும் என்றால் எட்டுக்கு மேல். மேலாளர் கூப்பிட்டு விசாரிப்பார் என்றால் ஆறு. போலீஸில் பிடித்துக் கொடுப்பார் என்றால் மூன்று.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு எலுமிச்சம்பழம். விலை உயர்ந்த கார் ஒன்றில், மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் எங்கோ டொக், டொக் என்று சத்தம் வந்தது. இரண்டு நாள் தேடினோம். சக்கரத்தைக் கழற்றினோம், அடியில் இருந்த தகடுகளைக் கழற்றினோம். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, முன்பக்கம் வலது ஓரம், பம்பருக்கு உள்ளே என்று சொன்னேன். சஞ்சீவ ராவ் சார் வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து, கையை உள்ளே விட்டு, நூலில் கட்டிய காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்றை வெளியே எடுத்தார். எல்லோரும் முனிரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தோம்.

"அவ்ளோ வெல வண்டி சார், கண்ணு படாதா? எவனும் பூஜ போடாம ஓட்டிகினு கீறீங்க" என்றார் முனிரத்தினம்.

சார் அவரைத் திட்டவில்லை. அறிக்கையில், "சத்தம் கண்டுபிடிக்கப்பட்டது. காரணம்: உலர்ந்த எலுமிச்சம்பழம். இது காரின் குறை அன்று" என்று எழுதினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என் காது பழசாயிப் போச்சு தயாளன். இனிமே சத்தத்துக்கு நான் மார்க் போடறதில்ல. அது உங்க பொறுப்பு" என்றார். அந்த வாரத்திலிருந்து சத்தத்துக்கான தாளில் அவர் பேனா வைக்கவே இல்லை. தன் காது தளர்ந்துவிட்டதை ஒரு மேலதிகாரி இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியும் என்பதை நான் நேரில் பார்த்தவன். அதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டொக்கென்ற கனத்த சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கும். மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் போய்விட்டிருந்தன. வருடாந்தர மருத்துவப் பரிசோதனையில் அது தெரிந்தது. கண்ணாடி போட்ட சிறிய அறைக்குள் உட்காரவைத்து, காதில் சத்தத்தை விடுவார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் வெளியே இருந்த பெண் ஒவ்வொரு முறை சத்தம் விடும்போதும் அவள் தோள் லேசாக இறங்கியது. உதட்டைப் பார்த்தே வளர்ந்தவனுக்குத் தோளைப் படிப்பது பெரிய வேலையா? தோள் இறங்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினேன். காது முழு நலம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருடமும் அப்படியே செய்தேன். அந்த இருக்கையை விட எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் இல்லை.

பிரமிளா ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தார். புத்தூர்ப் பக்கம் கரும்பும் மாவும் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். ஆட்டோமொபைல் டிப்ளமோ. முதல் நாள் சஞ்சீவ ராவ் சார் விதிகளைச் சொல்லி முடித்ததும், எதுவும் கேட்காமல் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். சார் என்னைப் பார்த்து, இது தேறும் என்பதுபோலத் தலையாட்டினார்.

"ஆறு மாசத்துல நிரந்தரம் ஆவலன்னா, போதும் வூட்டோட இருன்னுடுவாரு நைனா" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பிரமிளா என்னிடம் சொன்னார். "கண்டிப்பா ஆவும்மா, நான் கீறேன்" என்றேன். பயிற்சி கொடுப்பதும், முடிவில் அறிக்கை எழுதுவதும் என் பொறுப்பு.

ஐந்தாம் மாதத்தில் அந்தக் கார் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம் நாட்டில் விற்பதற்காகக் கொண்டுவந்த பெரிய செடான், கறுப்பு நிறம். மூடிய லாரியிலிருந்து இறங்கியபோது பக்கத்துப் பணிமனை ஆட்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். முனிரத்தினம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எங்க வூட்டு கூடமே இவ்ளோ நீட்டு இல்ல சார். இதுல குடித்தனம் வெக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வாரத்தைப் போல ஒரு வாரம் என் வேலைக்காலத்தில் இல்லை. சித்தூர் சாலையில் ஒரு பால் டேங்கருக்குப் பின்னால் அறுபதில் போய்க்கொண்டிருந்தோம். மிதியை அழுத்தினால் நூறைத் தொட எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். சின்னக் கார்களில் என்ஜின் முதலில் கத்தும், அப்புறம்தான் வண்டி ஓடும். இது கத்தவில்லை. முதுகு இருக்கையில் பதிந்தது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் டேங்கர் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்திருந்தது. சட்டத்தைப் போட்ட சஞ்சீவ ராவ் சாரே "அப்பா" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

சித்தூரைத் தாண்டிப் பலமநேருக்கு ஏறும் மொகிலி மலைப்பாதையில் வளைவுகளைப் பார்த்தோம். வளைவுக்குள் நுழைந்த பிறகு ஓட்டுநர் ஸ்டியரிங்கை எத்தனை முறை திருத்துகிறார் என்று பக்கத்தில் இருப்பவர் எண்ண வேண்டும். இவ்வளவு நீளமான வண்டி பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு வரும் என்றுதான் நினைத்தோம். முனிரத்தினம் ஒரே தடவை திருப்பிப் பிடித்தார், வண்டி அதே கோட்டில் வளைந்து வெளியே வந்தது. பதினோரு வளைவுகளில் இரண்டே திருத்தங்கள். மேலே போய் நிறுத்தியதும் அவர் இறங்கி, பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். "பெரிய மனுஷன் சார் இது. தலைய ஆட்டல" என்றார்.

ஏர்பேட்டுச் சாலையில் பின் இருக்கையில் பிரமிளா போட்ட ஐந்து கையெழுத்தும் அச்சடித்தாற்போல் இருந்தன. சார் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு கடனே குடுப்பாங்க" என்றார். சொகுசுக்கு ஒன்பது.

கடைசியாகச் சத்தம். ஆடி மாதம், சந்திரகிரியைத் தாண்டினால் காற்று பக்கவாட்டில் அடிக்கும். நான் பின் இருக்கையில் வலது பக்கம், பிரமிளா இடது பக்கம், சார் முன்னால். நூறு கிலோமீட்டர் வேகத்தில் இருபது நிமிடம் போனோம். எனக்கு அந்தக் கார் ஒரு கோயில் கருவறையைப் போல இருந்தது. ஒன்பது என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். வண்டி நின்றதும் சார் தாள்களைப் பிரித்தார்.

"தயாளன் தொம்மிதி. பிரமிளா நாலு."

நான் சிரித்தேன். பிரமிளா சிரிக்கவில்லை. "எடது பின் கதவுல விசில் அடிக்கிது சார். ஊசி மாதிரி. காத்து பக்கத்துல இருந்து வரும்போது மட்டும்" என்றார்.

எங்களிடம் அப்போது ஒரு ஒலிமானி இருந்தது. அது மொத்தச் சத்தத்தைத்தான் எண்ணாகக் காட்டும். ஊசி போன்ற ஒரு மெல்லிய சத்தம் அதில் ஏறாது. மதிப்பெண்கள் இவ்வளவு விலகினால் மறுபடியும் ஓட்ட வேண்டும் என்பது வழக்கம். மறுநாள் போனோம். அன்றைக்கு மட்டும் எங்கள் இருவருக்கும் பேச அனுமதி கொடுத்தார் சார். என்னை இடது ஓரத்தில் உட்காரச் சொல்லி, பிரமிளா நடுவில் உட்கார்ந்தார். நூறைத் தொட்டதும் அவர் என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி, கதவுக் கண்ணாடியின் மேல்விளிம்பில் இருந்த ரப்பரை விரலால் அழுத்தினார்.

"இப்ப இல்ல சார்." விரலை எடுத்தார். "இப்ப கீது." மறுபடியும் அழுத்தினார். "இல்ல." எடுத்தார். "கீது. கேட்டுச்சா சார்?"

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. குறை எங்கே, எந்த விரற்கடை இடத்தில் இருக்கிறது என்பதைத் தானே கண்டுபிடித்த சந்தோஷம் அதில் இருந்தது. இந்த வேலைக்கு அதைவிடத் தகுதி வேறு கிடையாது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கருவறை அப்படியே இருந்தது.

வண்டியை ஓரம் கட்டினோம். சார் திரும்பி, "தயாளன், செப்பண்டி" என்றார்.

"விசில் எதுவும் இல்ல சார்" என்றேன்.

"நிஜமா?"

"நிஜம் சார்."

எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். இல்லை என்று சொன்னேன். சார் பிரமிளாவைப் பார்த்தார். "எனக்கு கேட்டுச்சி சார்" என்று மட்டும் பிரமிளா சொன்னார். சத்தத்தில் கடைசி வார்த்தை என்னுடையது. ஒன்பது நின்றது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆறாம் மாதக் கடைசியில் தகுதிகாண் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, இந்தப் பெண் நிரந்தரமானால் அடுத்த காரிலும் அதற்கடுத்த காரிலும் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கேட்காததையெல்லாம் கேட்பார், ஒரு நாள் சார் என் காதைச் சந்தேகப்படுவார் என்று பயந்தேன். "இல்லாத சத்தத்தைக் கேட்கிறார். மதிப்பீட்டாளர் பணிக்கு உகந்தவர் அல்லர்" என்று எழுதினேன். பிரமிளா வளையல்களை அலுவலகத்திலேயே மாட்டிக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். என்னிடமும் சொன்னார். "வரேன் சார். நீங்க நல்லாதான் சொல்லிக் குடுத்தீங்க. எனக்குத்தான் வரல."

அந்தக் கார் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்களில் சிலர் விசில் சத்தம் என்று புகார் சொன்னார்கள். கம்பெனி அடுத்த வருட வண்டியில் இடது பின்கதவு ரப்பரின் வடிவத்தை மாற்றியது. அந்தச் சுற்றறிக்கை என் மேசைக்கு வந்தபோது சஞ்சீவ ராவ் சார் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அதைக் கோப்பில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். சில வருடங்களில் அவர் இறந்துபோனார். அவரிடம் சொல்லும் வாய்ப்பும் போனது. நான் ஓய்வு பெற்ற நாளில் எனக்கு மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்து வழியனுப்பினார்கள்.

ஓய்வுபெற்று மூன்று வருடம் கழித்து, மகள் பிடிவாதமாக அழைத்துப்போய் எனக்குக் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். என்னவோ டிக், டிக் என்றது. மனைவியிடம், "இன்னா சத்தம் அது?" என்றேன்.

"ஒனக்கு குடுத்த கடிகாரம்தான். மூணு வருஷமா அடிச்சிகினு கீது. தூக்கிப் போடலாம்னு நானும் மூணு வருஷமா பாத்துகினு கீறேன்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க ஊரையே புதிதாகக் கேட்டேன். குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம், மனைவியின் வளையல், என் செருப்பின் கீச்சு. சின்னப் பிள்ளைபோல ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பத்தாவது நாள் நகரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு வாடகைக்குப் பேசியிருந்த வண்டியைப் பார்த்தேன். அதே மாடல், அந்த முதல் வருடத்து வண்டி, கறுப்பு மங்கி, முகப்பில் சாமந்தி மாலையோடு நின்றது. மாப்பிள்ளையை இறக்கிவிட்டுப் புத்தூருக்குத் திரும்பக் கிளம்பிய ஓட்டுநரிடம் கேட்டு, பின் இருக்கையின் இடது பக்கம் ஏறிக்கொண்டேன். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்து, காற்று பக்கவாட்டில் அடித்ததும் அது வந்தது. பிரமிளா சொன்னதுபோலவே ஊசி மாதிரி. கண்ணாடி விளிம்பில் விரலை வைத்து அழுத்தினேன், நின்றது. எடுத்தேன், வந்தது.

"அது பொறந்ததுல இருந்தே அப்படித்தான் சார். வுடுங்க" என்றார் ஓட்டுநர்.

பிரமிளா எங்கே இருக்கிறார் என்பதை முனிரத்தினம்தான் விசாரித்துச் சொன்னார். புத்தூரில், பழைய கார் வாங்குபவர்களுக்கு வண்டியைச் சோதித்துச் சொல்லும் கடையைக் கணவர் சேகரோடு சேர்ந்து நடத்திக்கொண்டிருந்தார். நான் போனபோது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார். வண்டி எதுனா வாங்கப் போறீங்களா?" என்றார்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். காது பரிசோதனையில் தோளைப் பார்த்து ஏமாற்றியது, அந்த ஒன்பது, அறிக்கை எல்லாவற்றையும். பிரமிளா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு நெஜமாவே கேட்டுச்சி."

"கேட்டுச்சும்மா. போன வாரம் எனக்கும் கேட்டுச்சு."

"மெட்ராஸ் வரைக்கும் போயி காது டெஸ்ட் பண்ணேன் சார். நல்லா கீதுன்னு எழுதியே குடுத்தாங்க. நம்பல. டாக்டர நம்பாம ஒங்கள நம்புனேன். இன்னிக்கும் இந்த கடையில எல்லாம் நான்தான் பாப்பேன். சத்தம் மட்டும் அவரு பாப்பாரு. நான் கேக்கறதே இல்ல."

சேகர் டீ கொண்டுவந்து வைத்தார். என் காதைப் பார்த்துவிட்டு, "சார், அந்த மெஷின கொஞ்ச நேரம் கழட்டி வெச்சிக்குங்க. இப்ப இவ ஆரம்பிப்பா" என்றார். பிரமிளா ஆரம்பித்தார். நான் கழற்றவில்லை. அரை மணி நேரம் அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். அவற்றை இங்கே எழுத மாட்டேன். எல்லாம் நியாயமான வார்த்தைகள்.

நிறுவனத்துக்கு எழுதியிருந்த கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டத்தான் எடுத்துப் போயிருந்தேன். வாங்கிப் படித்துவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தார். "'தவறு நேர்ந்துவிட்டது'ன்னு எழுதிகிறீங்க. தானா வந்து நேர்ந்துச்சா சார்?" அங்கேயே உட்கார்ந்து, "தெரிந்தே நான் செய்தேன்" என்று மாற்றி எழுதினேன். கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப வராது சார். வந்தா போன் பண்றேன்" என்றார். அவருக்குச் செய்த பாவத்துக்கு அது மரியாதையான பதில்.

கடிதம் போனது. அதுவரை மாதத்துக்கு ஒரு முறை புதியவர்களுக்கு வகுப்பெடுக்க என்னை அழைத்துக்கொண்டிருந்தார்கள், அது நின்றது. எழுதிக் கொடுங்கள் என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இரண்டு மாதம் கழித்துப் பிரமிளாவுக்கு நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய அறிக்கை ரத்து செய்யப்பட்டதாக ஒரு பத்தி. பெரிய மின்சாரச் செடான் ஒன்று சோதனைக்கு வருகிறது, மைக்குகளோடு மனிதக் காதும் வேண்டியிருக்கிறது, நாள் ஊதியத்தில் பின் இருக்கை மதிப்பீட்டாளராக வர விருப்பமா என்று இன்னொரு பத்தி. காதுப் பரிசோதனைக்கும் ஒரு நாள் தேர்வு ஓட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். இரண்டிலும் தேறினார். இதெல்லாம் முனிரத்தினம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரமிளா எனக்குப் போன் செய்யவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்தார்.

"சார், இன்னிக்கி மொத நாளு. சித்தூர் போயி வந்தோம்."

"எப்படி இருந்துச்சுங்க வண்டி?" இந்த முறை 'இருந்துச்சும்மா' என்று என் வாயில் வரவில்லை.

"மெத்த மாதிரி போவுது சார். எடது பக்கம்தான் ஒக்காந்தேன். பேப்பர கைல வெச்சிகினு கேக்கறேன், கேக்கறேன், ஒண்ணுமே இல்ல. அரமணி நேரமா ஒண்ணுமே கேக்கல. எனக்கு பயம் புடிச்சிகிச்சி."

"இன்னா பயம்?"

"ஒங்கள மாதிரி ஆயிட்டனோன்னு."

அந்தப் பக்கம் சேகர் சிரிப்பது கேட்டது.

"அப்பறம் கண்ணாடிய ஒரு நூலு எறக்கனேன். காத்து கத்திச்சி. ஏத்தனேன். நின்னுச்சி. செரி, காதுல கோளாறு இல்ல, வண்டிதான் நல்ல வண்டின்னு ஒம்பது போட்டேன் சார்."

"மத்தவங்க எவ்ளோ போட்டாங்க?"

"தெரியாது சார். நான் கேக்கல" என்றார் பிரமிளா.